அட்லஸ் எலும்பு விலகியிருக்கிறதா? 2 பாகையின் பொருள் என்ன?

தலையை மேலும் கீழும் அசைத்து ‘ஆமாம்’ சொல்லிப் பாருங்கள். அடுத்து இடமும் வலமும் திருப்பி ‘இல்லை’ சொல்லுங்கள். இரண்டும் ஒரே கழுத்தில்தான் நடக்கின்றன. ஆனால் வேலை செய்யும் மூட்டுகள் வேறு. ‘ஆமாம்’ பெரும்பாலும் மண்டை ஓட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் இடையே நடக்கிறது. ‘இல்லை’ முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையே நடக்கிறது. நாம் ‘சரி, சரி’ என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அதற்குக் கழுத்து முழுவதும் ஒத்துழைக்க வேண்டும். மற்ற இனத்தவர் அதைப் பார்த்துக் குழம்புவதில் வியப்பில்லை.

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான்; ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவே. இந்த ஏழில் மேலே இருக்கும் இரண்டும் மற்ற ஐந்தைப்போல் இருப்பதில்லை. முதலாவதன் பெயர் அட்லஸ். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்குபவன் அட்லஸ். இந்த எலும்பு தாங்குவது ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை. மற்ற முள்ளெலும்புகளுக்கு உள்ள கனமான உடற்பகுதி இதற்குக் கிடையாது. தடித்த வளையல்போல் ஒரு வளையம் மட்டுமே. இரண்டாவது எலும்பு ஆக்சிஸ். அதன் மேற்புறத்திலிருந்து பல் போன்ற ஒரு முளை எழுந்து, அட்லஸ் வளையத்தின் முன்பகுதிக்குள் நுழைந்து நிற்கிறது.

பாட்டி வீட்டில் திருகைக்கல் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கீழ்க்கல்லின் நடுவில் இருக்கும் முளையைச் சுற்றி மேல்கல் சுழலும். ஆக்சிஸ் கீழ்க்கல், அட்லஸ் மேல்கல். முளை பின்னுக்கு நழுவித் தண்டுவடத்தை இடித்துவிடாமல், அதன் பின்னால் குறுக்கே உறுதியான தசைநார் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. கழுத்து ஒரு பக்கம் திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 40 பாகை, இந்த ஒரே மூட்டில் கிடைக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

தண்டுவடம் இந்த வளையத்தின் வழியாக இறங்குகிறது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் இதன் இரு பக்கத் துளைகளின் வழியாக ஏறுகின்றன. இவ்வளவு முக்கியமான இடத்தில் இருக்கும் எலும்பு கொஞ்சம் நகர்ந்தாலும் உடல் முழுவதும் பாதிக்கப்படும் என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு அது நியாயமாகவே தோன்றும். கைரோபிராக்டிக் சிகிச்சையில் ‘மேல்கழுத்து’ப் பிரிவினர் சொல்வது அதைத்தான். தலைவலி, தலைசுற்றல், உயர் இரத்த அழுத்தம், தூக்கமின்மை எனப் பலவற்றுக்கும் அட்லஸ் விலகலே மூலம் என்று சொல்லும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இதன் கதை 1895ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் தொடங்குகிறது. அங்கே காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர், ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் துருத்திக்கொண்டிருந்த ஓரிடத்தை அழுத்தினார். பல ஆண்டுகளாகக் காது மந்தமாக இருந்த லில்லார்டுக்குக் கேட்கத் தொடங்கியது என்று பாமர் எழுதினார். கேட்டல் நரம்பு முதுகெலும்பு வழியாகச் செல்வதில்லை. உள்காதிலிருந்து மண்டை ஓட்டுக்குள்ளேயே மூளைத்தண்டை அடைகிறது. ஆனாலும் பாமர் தம் கொள்கையை விரிவாக்கிக்கொண்டே போனார். நோய்களில் 95 விழுக்காடு விலகிய முள்ளெலும்புகளால் வருகின்றன என்பது அவருடைய கணக்கு. அந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் சப்லக்சேஷன்.

அதே 1895இல், நவம்பர் மாதம், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். இரண்டு கதைகளும் 1910இல் சந்தித்தன. டேனியல் பாமரின் மகன் பி.ஜே. பாமர் தம் கைரோபிராக்டிக் பள்ளிக்கு எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தார். 1930களில் அவர் ஒரு படி மேலே போய், திருத்த வேண்டியது அட்லஸையும் ஆக்சிஸையும் மட்டும்தான், மற்றவை தாமாகச் சரியாகும் என்றார். கோல்ஃப் ஆட்டத்தில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுவதைக் குறிக்கும் ‘ஹோல் இன் ஒன்’ என்ற பெயரே அந்த முறைக்கு அமைந்தது.

எழுத்துகளில் ஒரு எலும்பு

பாமர் வழியினர் அட்லஸ் விலகலைக் குறிக்க ஆங்கில எழுத்துகளால் ஒரு சுருக்கெழுத்து வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்து எப்போதும் ‘ஏ’, அதாவது முன்பக்கம். காரணம் உண்டு: வளையத்தின் முன்வளைவு ஆக்சிஸ் முளைக்கு முன்னால் இருப்பதால், அட்லஸ் பின்னோக்கிப் போக முளை இடம் கொடுக்காது. இரண்டாவது எழுத்து, வளையத்தின் முன்பகுதி மேலே தூக்கியிருந்தால் ‘எஸ்’, கீழே தாழ்ந்திருந்தால் ‘ஐ’. மூன்றாவது எழுத்து வலமா இடமா என்பதைச் சொல்லும்: ‘ஆர்’ அல்லது ‘எல்’. நான்காவது, அந்தப் பக்கம் முன்னால் சுழன்றிருக்கிறதா, பின்னாலா: ‘ஏ’ அல்லது ‘பி’. சுழற்சி இல்லையென்றால் நான்காவது எழுத்தே வராது. எனவே 2 × 2 × 3 = 12 அமைப்புகள். ‘ஏ.எஸ்.ஆர்.பி.’ என்று எழுதியிருந்தால், முன்பகுதி தூக்கி, வலப்பக்கம் நகர்ந்து, அந்தப் பக்கம் பின்னால் சுழன்றிருக்கிறது என்று பொருள்.

1940களில் ஜான் கிராஸ்டிக் என்பவர் எழுத்தோடு நிற்காமல் கோண அளவுகளைச் சேர்த்தார். அவருடைய வழியில் வந்த ரால்ஃப் கிரெகரி 1966இல் நியூக்கா என்ற சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் மூன்று கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்: பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, உச்சந்தலையிலிருந்து பார்ப்பதுபோல் ஒன்று. படங்களில் கோடுகள் வரைந்து, தலைக்கும் அட்லஸுக்கும் உள்ள கோணம், அட்லஸின் சுழற்சி, கீழ்க்கழுத்தின் சாய்வு ஆகியவற்றை ஒரு பாகையின் பகுதிகள்வரை கணக்கிடுகிறார்கள். எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்து நான்கு அடிப்படை வகைகளாகப் பிரிக்கிறார்கள். வகைக்கேற்ப, காதுக்குக் கீழே எந்தத் திசையில் எவ்வளவு மெதுவாக அழுத்துவது என்பது முடிவாகிறது. கழுத்தை ‘மடக்’கென்று திருப்புவது இந்த முறையில் கிடையாது. சிலருக்கு அழுத்தியதே தெரியாது.

என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சில மாதங்களுக்கு முன் இப்படிப்பட்ட தாள் ஒன்றை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்திருந்தார். எக்ஸ்ரே படம், அதன் மேல் சிவப்புக் கோடுகள், ஓரத்தில் ‘2.25’ என்ற எண். 24 அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் கழிவு உண்டாம். “தசமப் புள்ளியோடு எழுதியிருக்கிறார்களே சார், தப்பாக இருக்குமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான்.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

இடைநிலைப்பள்ளியின் முதல் படிவ அறிவியலிலேயே மாணவர்கள் மலாயில் ‘கெபெர்சிசான்’, ‘கெஜித்துவான்’ என்று இரண்டு சொற்களைப் படிக்கிறார்கள். முதலாவது, திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருகிறதா என்பது. இரண்டாவது, அந்த விடை உண்மையான மதிப்புக்கு அருகில் இருக்கிறதா என்பது. தேர்வுக்கு இந்த இரண்டும் போதும். ஆனால் மருத்துவத்தில் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த அளவு நோயைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

முதல் கேள்வியில் மேல்கழுத்துச் சிகிச்சையாளர்களுக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுக்கலாம். பயிற்சி பெற்ற இருவர் ஒரே எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டால் விடைகள் பெரும்பாலும் நெருங்கி வருகின்றன.

இரண்டாவது கேள்வியில் சிக்கல் தொடங்குகிறது. இன்றிரவு ஒரு வளையலையும் கைவிளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளையலின் நிழல் சுவரில் விழட்டும். வளையலைக் கொஞ்சம் திருப்புங்கள். நிழல் வட்டம் நீள்வட்டமாகும், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தெரியும். இனி வளையலை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்துங்கள். நிழல் மறுபடியும் மாறும். சாதாரண எக்ஸ்ரே என்பது இப்படிப்பட்ட நிழல்தான். தலை சிறிது திரும்பியிருந்தாலும் அட்லஸின் நிழல் ஒரு பக்கம் நகர்ந்ததாகக் காட்டும். நியூக்கா முறையினருக்கு இது தெரியும். அதனால்தான் தலையை நிலைநிறுத்தும் பிடிகளையும் நேர்ப்படுத்திய கருவிகளையும் பயன்படுத்துகிறார்கள். அது அவர்களுக்குப் பெருமைதான். ஆனால் இன்று உட்கார்ந்ததுபோல் அடுத்த வாரமும் கால் பாகைகூட மாறாமல் உட்காரும் மனிதர் யார்? 40 பாகை திரும்பக்கூடிய ஒரு மூட்டில் 2 பாகைச் சுழற்சி என்பது விலகலா, அல்லது அந்த நொடியில் தலை இருந்த நிலையா?

அதோடு, எலும்புகளே இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. அட்லஸின் இடப்பாதியும் வலப்பாதியும் பருமனில் வேறுபடலாம். சிலருக்குத் தமனி வளையும் இடத்தில் கூடுதலாக ஓர் எலும்புப் பாலம் இருக்கும். சிலருக்கு வளையத்தின் பின்பகுதி பிறவியிலேயே முழுமையாக ஒன்றுசேர்ந்திருக்காது. விபத்தில் அடிபட்டு வருவோரின் ஸ்கேன் படங்களைப் பார்க்கும் மருத்துவர்கள், ஆக்சிஸ் முளைக்கு இரு பக்கமும் உள்ள இடைவெளி காயமில்லாத கழுத்திலும் சமமாக இருப்பதில்லை என்பதை நன்கு அறிவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு உங்கள் காலணியே விடை சொல்லும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் நீளம். அதைத் துல்லியமாக அளக்கலாம், எத்தனை முறை அளந்தாலும் அதே விடை வரும். ஆனாலும் அது நோயல்ல. அட்லஸ் 2 பாகை சாய்ந்தவர்களுக்கு நோய் அதிகம், சாயாதவர்களுக்குக் குறைவு என்று காட்டினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். அங்கேதான் ஆதாரம் வற்றிப்போகிறது. பிரிட்டனில் கைரோபிராக்டிக் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுமன்றமே 2010இல் இதை ஒப்புக்கொண்டது. சப்லக்சேஷன் ஒரு வரலாற்றுக் கருத்து, நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்வதற்குரிய மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று அது அறிவித்தது. அதற்கு முன்பே, 1973இல், யேல் பல்கலைக்கழக உடற்கூற்றியலாளர் எட்மண்ட் கிரெலின் இறந்தவர்களின் முதுகெலும்புகளை எடுத்து, கருவியால் முறுக்கியும் வளைத்தும் பார்த்தார். எலும்பு நரம்பைத் தொடவில்லை. உயிருள்ள தசை இல்லாத முதுகெலும்பில் செய்த சோதனை என்பது அதன் குறை. ஆனாலும் ‘எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்குகிறது’ என்ற எளிய படத்தை அது பலமாக அசைத்தது.

“சிகிச்சைக்குப்பின் எடுத்த படத்தில் எண் குறைந்திருக்கிறதே?” என்று கேட்கலாம். வகுப்பில் ஒரு சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த 10 பேரைப் பொறுக்கி, ஒன்றுமே செய்யாமல் அடுத்த வாரம் மறுபடி சோதியுங்கள். சராசரி சற்று ஏறியிருக்கும். அன்று தலைவலியோடு வந்தவரும் கேள்வியைத் தவறாகப் படித்தவரும் அந்த 10 பேரில் இருப்பார்கள் அல்லவா? பெரிய எண் வந்தவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி அளந்தாலும் இதே கதைதான்.

ஆசுபத்திரி சொல்லும் விலகல்

அட்லஸ் விலகவே விலகாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். விலகும். மருத்துவத்திலும் நான்கு வகைகள் உண்டு. 1977இல் ஃபீல்டிங், ஹாக்கின்ஸ் என்ற இரு எலும்பியல் மருத்துவர்கள், அட்லஸ் சுழன்ற நிலையிலேயே பூட்டிக்கொண்ட 17 பேரை ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். முதல் வகையில் எலும்பு சுழன்றிருக்கும், முன்னால் நகர்ந்திருக்காது. குறுக்குத் தசைநார் நன்றாக இருக்கிறது. இரண்டாம் வகையில் 3 முதல் 5 மில்லிமீட்டர்வரை முன்னால் நகர்ந்திருக்கும், தசைநார் தளர்ந்துவிட்டது. மூன்றாம் வகையில் 5 மில்லிமீட்டருக்கு மேல். நான்காம் வகையில் அட்லஸ் பின்னோக்கி நகர்ந்திருக்கும். முளை சிதைந்தால்தான் அது நடக்கும், மிக அரிது. முதல் வகைக்குப் பட்டையும் மருந்தும் போதலாம். மேலே போகப்போகத் தண்டுவடத்துக்கு ஆபத்து கூடும், அறுவைசிகிச்சைகூடத் தேவைப்படலாம். வகை மாறினால் நோயாளியின் நிலையும் மாறுகிறது. ஒரு வகைப்பாட்டுக்கு வேறென்ன வேலை?

இந்தப் பிரச்சினை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருகிறது. தொண்டை அழற்சிக்குப் பின்னரோ காது, தொண்டை அறுவைசிகிச்சைக்குப் பின்னரோ, பிள்ளையின் தலை ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பியபடி நின்றுவிடும், நேராக்க விடாது. ‘தலையணை சரியில்லை, சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து ஒரு வாரத்தைக் கடத்திவிடக்கூடாது. கழுத்தைத் திருப்பிச் சரிசெய்யவும் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், முடக்குவாதம் நெடுநாள் இருப்பவர்களுக்கும் குறுக்குத் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும். அவர்கள் கழுத்தில் யாரும் கை வைக்குமுன் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

சரி, மேல்கழுத்துச் சிகிச்சையால் பலன் கண்டதாகச் சொல்லும் ஆய்வே இல்லையா? அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2007இல் சிகாகோவிலிருந்து வந்த ஒன்று. உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 பேரில் பாதிப்பேருக்கு நியூக்கா முறையும், பாதிப்பேருக்குப் பாசாங்குச் சிகிச்சையும் தரப்பட்டன. 8 வாரத்தில் மேல் அழுத்தம் முதல் குழுவில் 17, மற்றதில் 3 அலகு குறைந்தது. கவனத்தைக் கவரும் விடைதான். ஆனால் அதை நடத்தியவர்களே முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பிட்டார்கள். 50 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எது உண்மை, எது பாசாங்கு என்பது கை வைத்தவருக்குத் தெரியும். ஒரு சிறிய ஆய்வை நம்பி, கிளினிக்கில் கொடுத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. மாத்திரைகளுக்குப் பின்னால் இருப்பது பல்லாயிரம் பேரிடம் நடந்த சோதனைகள்.

சாதாரணக் கழுத்துவலிக்கு நிலைமை வேறு. 2015இல் கோக்ரேன் அமைப்பு 51 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. கழுத்தைக் கையால் திருத்துவதும், வேகமின்றி மெல்ல அசைத்துவிடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதாவது வலி குறையலாம். அதற்கு அட்லஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. நெட்டி முறிக்கும்போது வரும் சத்தமும் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. மூட்டு நீரில் திடீரென வாயுக் குழி உண்டாவதோடு தொடர்புடையது அது.

இனி அந்தத் தமனிகள். முதுகெலும்புத் தமனி ஆறாவது கழுத்தெலும்பின் துளையில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பாக ஏறி, அட்லஸுக்கு மேலே வந்ததும் பின்பக்கமாக வளைந்து மண்டைக்குள் போகிறது. தலையைத் திருப்பும்போது அதிகம் இழுபடுவது இந்த வளைவுதான். அதன் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இளவயதினருக்கும் வரும். வேகமாகக் கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. காரணம் அதுதான் என்று உறுதியாகவில்லை, ஆனாலும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. கனடாவின் ஒன்டாரியோவில் 818 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் கண்ட அதே தொடர்பு குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் இருந்தது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்துவலிக்குத்தான் அவர்கள் சிகிச்சை தேடிப் போயிருக்கலாம். எந்த விளக்கம் சரியென்றாலும், திடீரென வந்த புது வகைக் கழுத்துவலியோடு போய்க் கழுத்தைத் திருப்பிக்கொள்வது புத்திசாலித்தனமல்ல. முடிவெட்டி முடித்ததும் கழுத்தை ‘டக்’கென்று திருப்பிவிடும் நம் முடிதிருத்தகப் பழக்கத்துக்கும் இது பொருந்தும். எனக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மலேசியாவில் கைரோபிராக்டிக், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் (சட்டம் 775) கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்று. கோலாலம்பூர் ஐஎம்யு பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. போக விரும்புபவர், அவர் பதிவுபெற்றவரா என்று முதலில் பாருங்கள். பிறகு, எக்ஸ்ரே எதற்கு என்று கேளுங்கள். அடிபட்டது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கை கால் மரத்துப்போவது போன்றவை இருந்தால் எடுப்பதில் நியாயம் உண்டு. கோடு போட்டு எண் சொல்வதற்கு மட்டும் என்றால் யோசியுங்கள். ஒரு கழுத்து எக்ஸ்ரே சோதனையில் சுமார் 0.2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. இயற்கையிலிருந்து உலக சராசரியாக நமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 2.4. பயப்படும் அளவல்ல, ஆனால் காரணமின்றித் திரும்பத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொருளும் அல்ல. கடைசியாக, “இந்த எண் 2 இல்லாமல் 1 ஆக இருந்திருந்தால் என் வலிக்கு என்ன வித்தியாசம்?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆசிரியை கேட்டார். வந்த பதிலைக் கேட்டுவிட்டு 24 அமர்வுகளுக்குப் பணம் கட்டாமல் திரும்பினார். இப்போது மருத்துவமனையின் உடலியக்கச் சிகிச்சைப் பிரிவில் கழுத்துப் பயிற்சி கற்றுவருகிறார்.

இதுவரை இல்லாத மாதிரி கழுத்தின் பின்பக்கமோ தலையிலோ கடும் வலி வந்து, கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், நடை தள்ளாட்டம், முகத்தில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால், எந்தச் சிகிச்சைக்குப் பிறகு வந்தாலும், ஒன்றுமே செய்யாமல் வந்தாலும், உடனே 999ஐ அழையுங்கள். கடைசியாகக் கழுத்தில் யார், எப்போது கை வைத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.